கே, எஃப், டி, செமிகோலன்

நீர் பொய் சொன்னீர். நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற உம்மைத்தான் சொல்கிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. எழுதாவிட்டாலும் உமக்குத் தெரியும். லினக்ஸ் என்கிற இலவச மென்பொருளை ஏற்றி, திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும்படி செய்து தாரும் என்று என் மனைவியின் கம்ப்யூட்டரை உம் மேசைமேல் கொண்டுவந்து வைத்தபோது நீர் அதன் மூடியைக் கழற்றவில்லை, வயரைக்கூடச் சொருகவில்லை. "லினக்ஸ்ல தமிழ் பேசாது அண்ணாச்சி. கண்ணு தெரியாதவங்களுக்கு இதெல்லாம் சரிப்படாது" என்றீர். அதையும் என்னைப் பார்த்துச் சொன்னீர். அவள் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் இங்கனதான நிக்கேன். எங்கிட்ட சொன்னா என்ன?" என்று அவள் கேட்டாள்.

அதற்கும் நீர் என்னிடம்தான் பதில் சொன்னீர். புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னீர்.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். தக்கலைப் பக்கம் கடை. கிணற்று மோட்டார், மிக்சி, கிரைண்டர், எது வந்தாலும் பிரித்துப் பார்க்காமல் போய்விட்டது என்று யாரிடமும் சொன்னதில்லை. கரிந்த நாற்றம் வாசலிலேயே அடித்தாலும் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் சொல்வேன். எழுதிப் பழக்கம் இல்லாதவன், கோபத்தில் எழுதுகிறேன். ஆனால் உம்மைத் திட்டுவதற்கு மட்டும் இவ்வளவு தாளை நான் வீணாக்க மாட்டேன். இரண்டு பேரைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒருத்தி என் மனைவி. தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ். தக்கலையில் ஒரு பத்திர எழுத்தரிடம் கிரயப் பத்திரமும் ஒற்றியும் அடித்துக்கொண்டிருந்தாள். விசைகளைப் பார்க்கவே மாட்டாள். பக்கத்து மேசைக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டே நிலத்தின் நான்கு எல்கைகளையும் அடித்து முடித்துவிடுவாள். பிறகு கண்ணில் விழித்திரை கெடத் தொடங்கியது. முதலில் ஓரங்கள் மங்கின, பிறகு நடுவும் போனது. ஆஸ்பத்திரிக்கு அலைந்த கதை இங்கே வேண்டாம். கண் போன பிறகும் விரல்கள் பழையபடிதான் ஓடின. அடித்ததைச் சரிபார்க்க முடியவில்லை என்பதுதான் கோளாறு. சர்வே எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் ஒருவன் நிலம் இன்னொருவனுக்குப் போய்விடும்.

பத்திர எழுத்தர் கெட்டவர் இல்லை. ஆடி பிறந்ததும் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஆடியில எவன் பத்திரம் போட வாறான்? ஆவணி பொறந்தா கூட்டம் தாங்காது. அதுக்குள்ள நீயே அடிச்சு நீயே சரிபாக்க ஒரு வழி உண்டும்னா வா. இல்லேன்னா வேற ஆளத்தான் பாக்கணும், என்ன செய்ய?"

அவளுக்கு இருந்த அவகாசம் அந்த ஆடி மாதம்தான். உம் கடைக்கு வந்தது அதற்காக.

இரண்டாவது ஆள் கோட்டாற்றுக்காரர். நான் அவரை பாய் என்று கூப்பிடுவேன். வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அவருடைய அண்ணன் மிளகாய் மில் நடத்துகிறார். மில் மோட்டாரை என்னிடம் கொண்டுவந்த அன்று நான் உம்மை நினைத்துக் கடையில் கத்திக்கொண்டிருந்தேன். பாய் முழுவதையும் கேட்டார். "மோட்டாரை நீரு பாரும். அந்தக் கம்ப்யூட்டரை ஞாயித்துக்கெழம மில்லுக்கு மேல கொண்டாரும். அவுகளையும் கூட்டிட்டு வாரும். அவுக இல்லாம நீரு மட்டும் வந்தா நான் தொடமாட்டேன்" என்றார். அவள் வந்தாலும் அவர் தொடமாட்டார் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

கம்ப்யூட்டர் பெட்டியை அரிசிச் சாக்கில் போட்டு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனோம்.

"என்னது அண்ணாச்சி, கோழியா? கோழின்னா பின்னால போங்க" என்றார் கண்டக்டர்.

"கோழி இல்ல, பேசாத கிளி. பேச வைக்கக் கொண்டுபோறோம்" என்றாள் இவள்.

மில்லுக்கு மேலே நீளமான ஓர் அறை. கீழே வற்றல் மிளகாய் மூட்டைகள். ஞாயிறன்று மில் ஓடாது, ஆனாலும் காரம் ஏறி வரும். ஏறி வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தும்முவார்கள், பிறகுதான் வணக்கம் சொல்வார்கள். வீட்டில் கிடக்கிற பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிக்கொண்டு வந்து, லினக்ஸ் ஏற்றிக்கொண்டு போகிற கூட்டம் அது. பாய் நடுவில் நடந்துகொண்டிருப்பார். ஒரு கையில் தேநீர் கிளாஸ், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். அடுத்தவர் விசைப்பலகையை அவர் தொடுவதே இல்லை. எவ்வளவு கெஞ்சினாலும் தொடமாட்டார்.

நாங்கள் போனபோது கல்லூரி வாத்தியார் ஒருவர் அவரிடம் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏதோ எரர் வருது பாய்."

"ஏதோன்னா அங்கன எழுதியிருக்கு?"

"இல்ல, நீளமா என்னமோ..."

"அந்த நீளத்தை முழுசா வாசியுங்க சார். சத்தமா. வாசிச்ச பெறகு என்னயக் கூப்பிடுங்க."

வாத்தியார் வாசித்தார். வாசித்து முடிக்கும்போதே அவருக்கு விஷயம் புரிந்து, பாயைக் கூப்பிடாமலே எதையோ தட்டத் தொடங்கிவிட்டார். எனக்கோ எரிச்சல். இவர் தட்டினால் இரண்டு நிமிஷ வேலை, எதற்கு இந்த வாத்தியார் வேலை எல்லாம் என்று நினைத்தேன்.

பாய் என் மனைவியைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். பழைய கோப்புகளை வேறொரு டிஸ்கில் எடுத்து வைக்கச் செய்தார். ஒரு பென்டிரைவை அவள் கையில் கொடுத்து, சொருகும் இடத்தை அவளே தடவிக் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தார்.

"ஆன் பண்ணுன ஒடனே பீப்புன்னு ஒரு சத்தம் கேக்கும் தங்கச்சி. கேட்டதும் 'எஸ்' எழுத்தை அமுக்கி, என்டர் அடியுங்க. பெறகு அதுவே பேசும்."

பீப் கேட்டது. அவள் அமுக்கினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஸ்பீக்கரில் தகரத்தை இழுக்கிற மாதிரி ஒரு குரல் இங்கிலீஷில் பேசத் தொடங்கியது. எந்த மொழி வேண்டும், எந்த நாடு, எந்த விசைப்பலகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. அவளுக்கு இங்கிலீஷ் தட்டச்சும் தெரியும், அந்த அளவுக்கு மொழியும் தெரியும். கேட்டாள், பதில் அமுக்கினாள், அடுத்ததற்குக் காத்திருந்தாள்.

ஓர் இடத்தில் அவள் தயங்கினாள். நான் அம்புக்குறியை அமுக்கக் கையை நீட்டினேன்.

"வேய், கையை எடும்" என்றார் பாய்.

"எனக்குத் தெரியும் பாய், கீழ போற குறிதான..."

"உமக்குத் தெரியும். அவுகளுக்குத் தெரியாண்டாமா? வீட்டுல நின்னுபோச்சுன்னா என்ன செய்வாக, உம்ம மோட்டார் கடையில வந்து நிப்பாகளா?"

இவள் சிரித்துவிட்டாள். "நல்லா கேளுங்க பாய். இவுகளுக்கு வெப்ராளம் கூடுதல்" என்றாள். பதற்றக்காரன் என்கிறாள். உண்மைதான்.

டிஸ்கை முழுவதும் அழிக்கலாமா என்று குரல் கேட்டது. "அழிக்கட்டான்னு கேக்கான். நான் அழின்னு சொல்லப்போறேன்" என்று அறிவித்துவிட்டு என்டர் அடித்தாள். அறையில் இருந்த மற்றவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு அவளைச் சுற்றி நின்றார்கள். பாய் அவர்களைப் பார்த்து, "இந்த ரூம்புல கடைசி வரிவரை ஒழுங்கா கேட்டு அமுக்குன ஆளு இவுக ஒருத்தர்தான். நீங்கள்லாம் கண்ணை வச்சுக்கிட்டு என்ன செய்யிதிய?" என்றார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அன்று எனக்கு ஒன்று தோன்றியது, அதை எழுதிவிடுகிறேன். பார்வை இல்லாத ஒருவர் ஒரு நாள் தனியாக உட்கார்ந்து, யார் துணையும் இல்லாமல் இதை ஏற்ற வேண்டியிருக்கும் என்று எங்கோ யாரோ யோசித்திருக்கிறார்கள். எந்த நாட்டுக்காரனோ, எந்த ஊர்க்காரியோ. அந்த பீப் சத்தத்தை வைத்தவர் என் மனைவியைப் பார்த்ததில்லை. பார்க்கவும் போவதில்லை. ஆனாலும் வைத்திருக்கிறார். நான் என் கடைக்கு வராத ஆளுக்காக ஒரு சுற்றுக் கம்பிகூடச் சுற்றியதில்லை.

மத்தியானம் தமிழ்க் குரலும் வந்தது. பழைய தட்டச்சு முறையிலேயே தமிழ் அடிக்க வழி செய்திருந்தார்கள். அவள் "வாழைத்தோட்டம்" என்று அடித்தாள். குரல் அதை வாசித்தது. அவள் முகத்தைச் சுளித்தாள்.

"இவனுக்கு ழ சரியா வரல்ல பாய். நம்ம ஊருல இவனுக்கு எவளும் பெண்ணு கொடுக்கமாட்டா."

அது பேசியது. லினக்ஸில், தமிழில். நீர் பேசாது என்று சொன்ன அதே பெட்டியில்.

வீட்டுக்குக் கொண்டுவந்த வாரத்தில் ஆடிக் காற்று எங்கோ ஒரு ரப்பர் மரக்கிளையைக் கம்பிமேல் போட்டது. அந்த நேரம் பார்த்து அவள் கம்ப்யூட்டரின் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தாள். பாதியில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் இருந்தது, குரல் இல்லை. பாயைப் போனில் பிடித்தோம்.

"திரையில என்ன எழுதியிருக்கு?"

அவளால் பார்க்க முடியாது. என்னால் பார்க்க முடியும், வாசிக்கத்தான் தகராறு. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மோட்டார் தகட்டில் இருக்கிறதுதான். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பாய் சொன்ன கட்டளையை அவள் அடித்தாள். கம்ப்யூட்டர் நீளமாக ஒரு பதில் எழுதியது.

"வாசியும்" என்றார் பாய்.

டி, பி, கே, ஜி என்று தொடங்கி நான் வாசித்தேன். பாய் சந்தோஷமாகிவிட்டார். "பாத்தீரா, பாதியில நின்னுபோச்சு, இன்னதை அடின்னு அதுவே சொல்லுது. அப்படியே அடிக்கச் சொல்லும்."

அவள் அடித்தாள். நடக்கவில்லை. திரும்ப அடித்தாள். மறுபடியும் கம்ப்யூட்டர் திட்டியது.

"அந்த நடுவுல வாறது ஒரு கோடா, ரெண்டு கோடா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுதான். நீட்டமா இருக்கு."

"பக்கத்துல போய்ப் பாருங்க."

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இரண்டு கோடு, ஒட்டி ஒட்டி.

"கண்ணு தெரியாதது எனக்கா, உங்களுக்கா?" என்றாள். போனில் பாய் இருமுகிற மாதிரி சிரித்தார்.

இரண்டு கோடும் போட்டு அடித்ததும் வரிகள் மளமளவென்று ஓடின. அணைத்து மறுபடி ஆன் செய்தபோது தகரக் குரல் வந்து வரவேற்றது. மோட்டார் கரிந்தால் நாற்றம்தான் வரும், எங்கே கரிந்தது என்று அது சொல்லாது. இந்த இயந்திரம் தன் கோளாறைத் தானே எழுதிக் காட்டி, அதைச் சரிசெய்யும் வழியையும் எழுதிக் காட்டுகிறது. அதை வாசிக்காமல் திட்டுகிறவர்கள்தான் நாம். பாய் ஏன் விசைப்பலகையைத் தொடமாட்டார் என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது. தொட்டிருந்தால் அந்த மத்தியானம் நாங்கள் இருவரும் சும்மா உட்கார்ந்திருப்போம்.

ஆடி கடைசி வாரம். பத்திர எழுத்தர் அலுவலகத்திலிருந்து மாதிரிக்குச் சில பத்திரக் கோப்புகளை வாங்கி வந்தேன். அவள் முதல் கோப்பைத் திறந்தாள். குரல் உளறியது. தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை, வெறும் எழுத்தும் குறியுமாகக் கொட்டியது. அடுத்த கோப்பும் அப்படியே. நான் திரையைப் பார்த்தேன். பத்திரக் கோப்பில் தமிழே இல்லை. பூச்சி பூச்சியாக இங்கிலீஷ் எழுத்து.

அவள் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள். அவள் கை நின்றால் எனக்குப் பயம். மானத்தை விட்டு உமக்குப் போன் போட்டேன். நினைவிருக்கிறதா? "அப்பவே சொன்னேன்லா அண்ணாச்சி, லினக்ஸ்ல தமிழ் வராது" என்றீர். ஏன் என்று கேட்டேன். "அது அப்படித்தான்" என்றீர்.

போனை வைத்துவிட்டு உம்மைத் திட்டினேன், பாயைத் திட்டினேன், பெட்டியைத் திட்டினேன்.

"சும்மா இரிங்க" என்றாள் அவள். "இவன் ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்லுதான், கேட்டியளா?"

கேட்டேன். கே, எஃப், டி, செமிகோலன். வேறு என்னென்னவோ. மறுபடியும் கே, எஃப், டி, செமிகோலன்.

அவள் கையை மேசை விளிம்பில் வைத்திருந்தாள். வலது நடுவிரல் தட்டியது. இடது ஆள்காட்டி விரல், இடது நடுவிரல். கடைசியில் வலது சுண்டுவிரல். மறுபடியும் அதே வரிசையில்.

"மகன்" என்றாள்.

"எந்த மகன்?"

"மகன். கே அடிச்சா ம. எஃப் அடிச்சா க. டி அடிச்சா ன. செமிகோலன்ல புள்ளி. மகன். பத்திரத்துல ஆளுக்காளு மகன்தானே வரும், இன்னார் மகன் இன்னார்னு. இவன் உளறல்ல. நான் அழுத்துன விசையைத்தான் எனக்கே திருப்பிச் சொல்லுதான்."

அதன் பிறகு அவள் குரலை மெதுவாக்கி வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகக் கேட்டு, விரலால் மேசையில் தட்டி, ஒரு கிரயப் பத்திரத்தின் முதல் பத்தியை எனக்கு வாசித்துக் காட்டினாள். விற்பவர், வாங்குபவர், அவரவர் தகப்பன் பெயர், ஊர். ஒரு சொல் பிசகவில்லை. என் வாழ்க்கையில் நான் பார்த்த வேலைகளில் அதற்கு மேல் ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

பாயிடம் போனில் சொன்னோம். "அடுத்த ஞாயிறு என் நாற்காலியில நீங்க உக்காருங்க தங்கச்சி, நான் மிளகாய் அரைக்கப் போறேன்" என்றார். பிறகு விளக்கினார். அலுவலகத்தில் இருப்பது பழைய காலத்து எழுத்துரு. உள்ளே கிடப்பது இங்கிலீஷ் எழுத்துதான், அதற்கு மேலே தமிழ் உருவத்தை வரைந்து காட்டுகிறது. கண்ணால் பார்க்கிறவருக்கு அது தமிழ். காதால் கேட்கிறவருக்குக் குப்பை. விண்டோஸிலும் அப்படித்தான் உளறும், லினக்ஸ் செய்த தப்பு இல்லை. யூனிகோடு முறைக்கு மாற்றினால் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அது தமிழ்தான். மாற்றுகிற நிரலையும் பாய் காட்டிக் கொடுத்தார். அவளே ஏற்றினாள், அவளே மாற்றினாள். தகரக் குரல் மகன் மகன் என்று சொல்லிக்கொண்டே போனது.

இனி உம்மிடம் வருகிறேன்.

ஆவணி முதல் வாரம் அவள் அடித்த பத்திரத்தை எடுத்துக்கொண்டு பத்திர எழுத்தரிடம் போனோம். அவள் அடித்து, காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டு, திருத்தி, அச்செடுத்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். "கொள்ளாம். தப்பு ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"நம்ம கம்ப்யூட்டரைப் பாக்க வாறவரு வேண்டாம்னு சொல்லுதாரு. லினக்ஸ்ல அடிச்சா எழுத்து கோளாறாகும், ரிஜிஸ்தர் ஆபீசுல திருப்பி விட்டுருவான்னாரு. என் பேருல்லா கெடும்? அவரு ஒரு வார்த்தை சரின்னு சொல்லட்டும், நாளைக்கே நீ வா."

கம்ப்யூட்டரைப் பார்க்க வருகிறவர் யார் என்று கேட்டேன். உம் கடையைச் சொன்னார்.

அந்த அலுவலகக் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய எழுத்துருவை ஏற்றிக் கொடுத்ததே நீர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. பத்திரக் கோப்பு ஏன் உளறியது என்று இந்த மாவட்டத்தில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமென்றால் அது உமக்குத்தான். நான் போனில் ஏன் என்று கேட்டபோது "அது அப்படித்தான்" என்றது நீர். அச்சடித்த தாளைப் பார்த்து அது எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது என்று எந்தப் பதிவாளரால் சொல்ல முடியும்? அதுவும் உமக்குத் தெரியும்.

அவள் இப்போது வீட்டில் இருக்கிறாள். அடித்துக்கொண்டுதான் இருக்கிறாள், பழைய பத்திரங்களை எல்லாம் மாற்றி வைக்கிறாள். அலுவலகத்தில் கூட்டம் தாங்கவில்லையாம். வேறு ஆள் பார்ப்பதற்கு முன்னால் பத்திர எழுத்தர் உம்முடைய ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கோட்டாற்றில் மில்லுக்கு மேலே வாரும். பத்திர எழுத்தரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நீர் விரும்பிய கோப்பைக் கொண்டுவாரும், அவள் அதை வாசிப்பாள். வாசித்து முடித்ததும் அத்தனை பேர் முன்னாலும் ஒன்றைச் சொல்லும். அந்த எழுத்துருதான் காரணம் என்று தெரிந்துகொண்டே என் மனைவியின் வேலையைத் தடுத்தீரா, அல்லது ஒன்றும் தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னீரா? இரண்டில் எது? இந்த முறை என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். அவளைப் பார்த்துச் சொல்லும்.